செருப்புத் தக்கை

1

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்த கதை இது. இதன் பிறப்பில் அதற்குமேல் பெருமை எதுவும் கிடையாது. அது தூண்டில் சாமான் விற்கும் கடை. சும்மா நிற்கிறோமே என்ற கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தின் மேல் நின்று பிடிப்பவர்களுக்கு ஒரு கோல், பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து பிடிப்பவர்களுக்கு இன்னொரு கோல். இடதுகைக்காரர்களுக்குத் தனி, முதுகுவலிக்காரர்களுக்குத் தனி. மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கும் ஒன்று இருந்தது, விலை கொஞ்சம் கூட. எல்லாம் ஒரே நிறுவனத்துச் சரக்கு. ஒட்டியிருந்த சீட்டின் நிறம் மட்டும்தான் வேறு.

ஒரு சின்ன அட்டையில் கட்டைவிரல் அளவு ரப்பர் துண்டு தொங்கியது. கையில் எடுத்துப் பார்த்தேன்.

"அது எல்லாருக்கும் இல்லைங்க," என்றார் கடைக்காரர்.

உடனே வாங்கிவிட்டேன். எனக்குத் தூண்டில் போடவே தெரியாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'விடியலின் பொற்கதிர்கள் கால்வாயின் மேனியைத் தழுவ—'

வேண்டாம். கிடங்குகளின் பின்பக்கம் கறுப்பாக ஓடும் தண்ணீர் அது. கதிரே ஆனாலும் தழுவுவதற்குமுன் யோசிக்கும்.

அடுத்து இப்படி:

'அவள் ஒரு துரோகி.'

சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் தீர்ப்பை முதல் வரியிலேயே நானே சொல்லிவிட்டால், மிச்சத்துக்கு நீங்கள் எதற்கு? அடித்துவிட்டேன். (அடித்தேனே தவிர அழிக்கவில்லை. மனசு வரவில்லை.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் அந்தக் கோல்களைச் செய்யும் பெரிய நிறுவனத்தில் சிறப்புப் பிரிவின் தலைவி. அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. அவளுடைய வேலைக்கும் அவளுடைய அண்ணனுக்கும் நடுவே மாட்டிக்கொண்டதுதான் இந்தக் கதை.

3

பெரிய நிறுவனங்களுக்குச் சின்னக் கூட்டங்களின் மேல் அப்படியொரு பாசம். எங்கோ நாலு பேர் விசித்திரமாக மீன் பிடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், உருகிப்போய்விடும். ஆள் அனுப்பும், படம் எடுக்கும், 'உங்களுக்கென்றே' என்று அட்டை அடிக்கும். பிறகு அந்த நாலு பேரைப் போலத் தெரிய ஆசைப்படும் லட்சம் பேருக்கு விற்கும். அந்த நாலு பேர் வாங்குவார்களா என்று நிறுவனத்தில் யாராவது கேட்டால், புதிதாகச் சேர்ந்த ஆள் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

அந்த நாலு பேரைக் கண்டுபிடிப்பதுதான் பிரிவுத் தலைவியின் வேலை. கெட்டிக்காரி. ஆனால் அந்த வருஷம் ஆள் கிடைக்கவில்லை.

"இடதுகைக்குக் குடுத்தாச்சு, முதுகுவலிக்குக் குடுத்தாச்சு," என்றார் இயக்குநர். "இனிமே யாருக்கும்மா குடுப்பீங்க?"

"பாத்துக்கிட்டேதான் சார் இருக்கேன்."

"பாருங்க. இல்லேன்னா பிரிவையே மூடிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான். எனக்கு மட்டும் கஷ்டமா இருக்காதா?"

கேட்டுவிட்டு பிஸ்கட்டை டீயில் தோய்த்தார். அது உடைந்து உள்ளே விழுந்தபோதுதான் அவர் முகத்தில் கஷ்டம் தெரிந்தது.

4

அண்ணனை அவன் மனைவி விட்டுவிட்டுப் போனதிலிருந்து அவன் தங்கையின் வீட்டு மாடியில் இருக்கிறான். சாப்பிட்டாயா என்றால் 'ம்'. உடம்பு சரியில்லையா என்றால் அதற்கும் 'ம்'. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்குக் கிளம்பிவிடுவான். அங்கே இன்னும் மூன்று பேர் வருவார்கள்: ஒரு பல் டாக்டர், ஒரு லாரி டிரைவர், எல்லாரும் மாமா என்று கூப்பிடும் ஒரு பெரியவர். அவர்கள் பிடிப்பது விரல் நீளத்தில் சேற்று நிறமாக ஒரு மீன். வாயில் வைக்க விளங்காது, உடம்பெல்லாம் முள். பிடித்து, பார்த்து, தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள்.

ஒருமுறை அவனுக்கு டீ கொண்டுபோனவள் தூரத்திலேயே நின்றுவிட்டாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். மாமா ஏதோ சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீயைக் கொடுக்காமலே திரும்பிவிட்டாள்.

(இந்த இடத்தில் அவளை உங்களுக்குப் பிடித்திருக்கும். இருங்கள்.)

அந்த மீன் மகா சந்தேகப் பிராணி. இரையைக் கவ்வும்போது கொஞ்சம் இழுபட்டாலும் துப்பிவிடும். அதனால் தூண்டில் நரம்பில் கட்டி மிதக்கவிடும் தக்கை தண்ணீருக்கு மேலே துள்ளி நிற்கக் கூடாது, முக்கால்வாசி மூழ்கி நிற்கவேண்டும். கடைத் தக்கை எதுவும் அப்படி நிற்காது. நாலு பேரும் பழைய ரப்பர் செருப்பை வெட்டித் தாங்களே செய்துகொள்வார்கள்.

இயக்குநர் பிஸ்கட் தோய்த்த அன்று சாயங்காலம், அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் பெட்டியைத் திறந்து ஒரு தக்கையை எடுத்துக்கொண்டாள். கேட்டால் கொடுக்கமாட்டானா என்ன, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கேட்கவில்லை என்பதை நான் சொல்கிறேன்.

5

ஆராய்ச்சிக்கூடத்தில் அதை அளந்தார்கள், எடை போட்டார்கள், அச்சு அசலாகப் புதிய ரப்பரில் செய்தார்கள். தொட்டியில் போட்டால் வாத்து மாதிரி மிதந்தது. ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் விஷயம் பிடிபட்டது. அண்ணனுடையது செருப்பின் குதிகால் பக்கத்தில் வெட்டியது. வருஷக்கணக்கில் மிதிபட்டு இறுகிய ரப்பர்.

வேறு நிறுவனமாக இருந்தால் விட்டிருக்கும். இவர்கள் நடப்பதற்கு ஆள் எடுத்தார்கள்.

நிஜமாகத்தான். (நிஜமில்லை, நான் கட்டிய கதைதான். ஆனால் ஒரு நிமிஷம் நம்பினீர்கள், பாருங்கள்.) தொழிற்சாலையின் நீள வராந்தாவில், சம்பளத்துக்கு, புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை நடந்தார்கள். குண்டானவர்கள் நடந்த செருப்பு முதல் தரம், ஒல்லியானவர்கள் நடந்தது இரண்டாம் தரம். காலைத் தேய்த்து நடந்தவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. மேற்பார்வைக்குக் குதிகால் அதிகாரி என்று ஒருவரைப் போட்டார்கள். அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார்.

தக்கைக்கு 'தனிமை' என்று பெயர் வைத்தார்கள். அட்டையின் முன்பக்கம், 'கூட்டம் உங்களுக்கு எதற்கு?' பின்பக்கம், சரக்கு அசல்தான் என்று காட்ட, கால்வாய்க்குப் போகும் வழியைப் படம் போட்டுக் கொடுத்தார்கள்.

"வழியை ஏன் சார் போட்டீங்க?" என்று ஓடினாள் பிரிவுத் தலைவி.

"நம்பிக்கை வரணும்ல?" என்றார் இயக்குநர்.

6

இங்கே அண்ணனுக்கு ஒரு பெரிய கோபம் எழுதி வைத்திருந்தேன். கடையில் அட்டையைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குள் புயல் மாதிரி நுழைகிறான், மேசையில் தட்டுகிறான், 'உனக்கு என்ன குறை வச்சேன்' என்று தொண்டை கம்ம—

அவன் நுழைந்தான், அதுவரை சரி. அவளும் எழுந்து நின்றாள். அதற்குள் இயக்குநர் முந்திக்கொண்டு அவன் கையைக் குலுக்கிவிட்டார். "நீங்கதான் இதோட மூளை. எங்க ஆலோசகரா இருக்கணும்." நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டை ஒன்றையும் நீட்டினார்.

அண்ணன் அதைப் பிரித்துத் தோளில் வைத்துப் பார்த்தான்.

"இதைவிடப் பெரிய சைஸ் இருக்கா?" என்றான்.

எனக்கு எவ்வளவு ஏமாற்றம், போங்கள். அவளுக்கு என்னைவிட அதிகம். அண்ணன் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். மனைவி போனபின் முதல்முறையாக அவனை ஒருவர் 'நீங்கதான்' என்று சொல்லியிருக்கிறார், அவன் மயங்காமல் என்ன செய்வான் என்று அப்புறம் புரிந்தது. எனக்கும்தான்.

7

அடுத்த ஞாயிறு கால்வாய்க் கரையில் தனிமை விரும்பிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு செருப்புத் துண்டு. ஒருவர் தூண்டில் நரம்பு இன்னொருவர் கோலில் சுற்றி, அம்மா அப்பாவையெல்லாம் இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். மீன்கள் எப்போதோ இடத்தைக் காலி செய்திருந்தன. அண்ணன் புதுச்சட்டையில் எல்லாரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டான். அவ்வப்போது பாதையையும் பார்த்துக்கொண்டான்.

சில வாரம் கழித்து, அவள் வேலையில் இருக்கும்போது போன் செய்தான்.

"பாப்பா, அவங்க வரவே இல்ல."

"வருவாங்கண்ணா."

"இல்ல. வேற இடம் பாத்துட்டாங்க. எனக்கு மட்டும் சொல்லல. நான் உன் அண்ணனாச்சே. அதான்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதாள். மறுநாள் பல் டாக்டரிடம் போனாள். அவர் அவளை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச்சொல்லி, கண்ணாடியை உள்ளே விட்டபிறகுதான் பேசத் தொடங்கினார். அவள் பதில் பேசமுடியாத நேரமாகப் பார்த்துப் பேசினார் என்று நினைக்கிறேன்.

"நாலு பேரு நிம்மதியா உக்காந்திருந்தோம்மா. பொறுக்கல இல்ல உனக்கு?"

அவள் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. அவர் கண்ணாடியை எடுத்தார்.

"அவன் இல்லாம எங்களுக்கும் நல்லாயில்ல. இடத்தைச் சொல்றேன், அவன்கிட்ட சொல்லு. வேற ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் எங்களுக்கு இனிமே போக்கிடம் கிடையாது."

"சத்தியமா சொல்லமாட்டேன் டாக்டர்."

சொன்னார்.

அண்ணனிடம் சாயங்காலம் நேரில் சொல்லலாம் என்று, "நல்ல சேதி இருக்கு, வீட்லயே இரு" என்று மட்டும் போனில் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

8

இயக்குநர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "தனிமை அவ்வளவுதாம்மா, எல்லாரும் வாங்கியாச்சு. புதுசா ஒண்ணு யோசிச்சேன். கூட்டம் பிடிக்காம இடத்தை விட்டுட்டு ஓடினவங்க இருக்காங்க பாருங்க, அவங்கதான் நம்ம அடுத்த வாடிக்கை. அந்த மூணு பேரு இப்ப எங்க பிடிக்கறாங்க? உங்களுக்குத் தெரியாம இருக்காது. இது கிடைக்கலேன்னா, சாயங்காலமே உங்க பிரிவு ஆளுங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடவேண்டியதுதான்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவளுடைய ஆட்கள் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு அவளையே பார்த்தார்கள்.

முடிவு ஒன்று: தெரியாது என்கிறாள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்பமுடியவில்லை.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள். இதை நம்பமுடிகிறது. எழுதத்தான் கை வரவில்லை.

முடிவு மூன்று: வேறு ஏதோ கால்வாயைக் கைகாட்டிவிடுகிறாள். அங்கே யார் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள்—

போதும். அந்த இடம் எனக்குத் தெரியும். காதோடு காதாக உங்களுக்கும் சொல்லலாம், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நீங்கள் சத்தியம் செய்தால். செய்வீர்கள். மனசாரத்தான் செய்வீர்கள். அவளும் மனசாரத்தான் செய்தாள்.

அதனால் சொல்லமாட்டேன்.

இயக்குநர் காத்திருக்கிறார். வீட்டில் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்து, வாசல் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள். என்ன சொன்னாள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை என்னிடம்கூடக் காட்டவேண்டாம்.