எங்கள் வீட்டுச் சேனல்

எனக்கும் என் வீட்டுக்காரனுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. வேறு ஊரில் எனக்குப் பெரிய வேலை கிடைத்திருக்கிறது, கூட வருகிறாயா என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். வருகிறேன் என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! இன்று சாயங்காலத்துக்குள் நான் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இருவருமே புரோகிராமர்கள். வீட்டிலிருந்தே வேலை, நான் ஹாலில், அவன் படுக்கையறையில். பேசாவிட்டாலும் குடித்தனம் நடக்க வேண்டுமே. அதற்கு ஒரு வழி இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு வரி கட்டளை அடித்தால் இருவர் போனிலும் டிங் என்று செய்தி வந்து விழும். நேரமெடுக்கும் வேலை முடிந்ததும் புரோகிராமே நமக்குச் சொல்லட்டும் என்று அவன் செய்த ஏற்பாடு. இதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. செய்தி வந்து விழும் அந்தச் சேனலின் பெயர் தெரிந்தால் எவனும் படிக்கலாம், எழுதலாம். யாரும் ஊகிக்க முடியாத பெயராக வை என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். மகாராசன் 'வீடு' என்று வைத்தான்.

"நம்ம வீட்டுக் கதைய எவன் வந்து படிக்கப் போறான்?" என்றான்.

சண்டைக்குப் பிறகு எல்லாமே அதில்தான்.

'சாப்பாடு மேஜைமேல இருக்கு. மனசாட்சி இருந்தா தட்டைக் கழுவு' என்று நான் அனுப்புவேன்.

'கழுவியாச்சு. மனசாட்சியும் இருக்கு' என்று வரும்.

இன்று மதியம் பொறுமை போய்விட்டது. 'சாயங்காலம் பதில் சொல்லணும். வரியா, இல்லையா?' என்று அடித்தேன்.

டிங். 'அக்கா, அவரு பயந்துட்டாரு போல. அதட்டாம கேட்டுப் பாருங்க.'

அக்காவா?

மறுபடி டிங். 'அண்ணே, நீங்களும் வாயத் திறங்க. நாங்க வீடு வாடகைக்குப் பிடிச்சுத் தர்ற ஆபீஸ். நாங்களும் புதுசா இதே பேருலதான் சேனல் வெச்சோம். எல்லாரும் வேலையப் போட்டுட்டு உங்களையேதான் பாத்துட்டிருக்கோம்.'

படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது. முகம் வெளிறிப்போய் வந்து நின்றான்.

"நீயா அனுப்புன?"

"என்னை நானே அக்கான்னு கூப்பிட எனக்கென்ன பைத்தியமா?"

"ஐயோ, தட்டு கழுவுனதெல்லாம் படிச்சிருப்பாங்களா?"

"அது ஒண்ணுதான் உன் மானத்தைக் காப்பாத்துச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே பாழாய்ப்போன அழுகையும் வந்தது. "நீ இல்லாம அந்த ஊர்ல நான் என்னடா பண்ணுவேன்?" என்று கேட்டேவிட்டேன்.

தலையைச் சொறிந்தான். "அங்க எனக்கு வேலை கிடைக்கலைன்னா உனக்குப் பாரமா..." என்று ஆரம்பித்து மீதியை விழுங்கினான். இதற்காகவா இத்தனை நாள் என் உயிரை வாங்கினாய், மடையா!

டிங். 'அண்ணன் என்ன சொன்னாரு?'

அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து என் கம்ப்யூட்டரில் மளமளவென்று அடித்தான். என் கையிலிருந்த போன் டிங் என்றது.

'கூட வரேன்னு சொல்லிட்டேன்.'

"அடப்பாவி!" என்று கத்தினேன். "எங்கிட்ட எப்படா சொன்னே?"