கட்டிலடிப் பூனைக்கு ஓர் ஏலம்

1

இக்கதையை எழுதுமாறு என்னைப் பணித்தவர் அடைக்கலமேரி. காசிமேட்டில் மீன் விற்பவர். எங்கள் வீட்டு வரிசையில் எனக்கு நேரெதிர் வீட்டுக்காரர். பங்குக் கோயில் விழா மலர்களில் நான் எழுதிய கதைகளைத் தம் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவை ஒவ்வொன்றின் இறுதியிலும் ஓர் உயிர் போயிருந்தது.

"டீச்சரம்மா, இந்தப் பூனை கதைய எழுது. ஆனா அத்த சாவடிச்சிடாத. உன் கையில மாட்ன எவனும் பொழச்சதில்ல."

(அவர் எவரையும் 'நீ' என்றே அழைப்பார். பங்குச் சாமியாருக்கும் அதுவே. மரியாதைக் குறைவு என்று கருதற்க.)

சம்மதித்துவிட்டேன். சம்மதித்த பின்னரே அதிலிருந்த சிக்கல் புலப்பட்டது. அவர் இதைக் கூறிய வேளையில், அந்தப் பூனை என் கட்டிலுக்கடியில் உணவைத் தொடாமல் கிடந்தது. அது பிழைக்குமா என்பது கதாசிரியைக்கே தெரியாது.

2

முதல் தொடக்கம்: "வங்கக் கடல் நீலப் பட்டாடையென விரிந்திருந்த அதிகாலையில்…"

(நிறுத்தினேன். மீன்பிடித் துறைமுகத்து நீர் நீலமாயிருந்து நான் கண்டதில்லை. அதன்மேல் டீசல் மிதக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: "பூனை மனிதனின் பழமையான தோழர்களுள் ஒன்றாகும். அது…"

(இதற்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் இடலாம். மேற்கொண்டு படிக்க இயலாது.)

ஆதலின் நடந்தவாறே சொல்கிறேன். அது துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் பிறந்து வளர்ந்த கடுவன் பூனை. செம்பழுப்பு நிறம், இடக்காதில் ஒரு கிழிசல். எவர் கையும் தன்மேல் பட விட்டதில்லை. சூரியநாராயண சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி அதன் பின்னங்காலை நசுக்கிச் சென்றது. அடைக்கலமேரி அதனை மீன் கூடையில் கவிழ்த்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டார். "இனி இது பழையபடி ஓடாது. தெருவில் விட்டால் அடுத்த லாரிக்குத்தான். வீட்டுக்குள்ளேயே வாழப் பழக்குங்கள்" என்றும் சொன்னார்.

பழக்கும் வீடாக என் வீடு தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணத்தை அடைக்கலமேரியே விளக்கினார்:

"எங்க வூட்டுக் கதவ என் கண்ணாலத்தன்னிக்குக் கூட சாத்துனதில்ல. இந்த வரிசையிலயே எப்பவும் சாத்திகினு கீறது உன் வூடு ஒண்ணுதான்."

இதைப் பாராட்டாகக் கொள்வதா என்று இன்றளவும் நான் முடிவு செய்யவில்லை.

3

இப்பகுதியில் அடைக்கலமேரியை எவரும் நம்பும்படி எழுத என்னால் இயலவில்லை. மூன்று முறை எழுதி அடித்தேன். ஏனெனில் அவர் இங்கே கிசுகிசுக்கிறார். அவர் குரல் தண்டவாளத்துக்கு அப்பாலும் கேட்கும் என்பதை அறிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். ஆயினும் உண்மை அதுவே.

ஆணை பிறப்பித்தவள் நான். பணிக்காலம் முழுவதும் வகுப்பறையில் நான் மிகுதியாக வழங்கிய சொல் 'அமைதி'. அஞ்சிய உயிருக்கு அமைதியே மருந்து என்று கருதினேன். மிக்ஸி ஓடவில்லை, அம்மியில் அரைத்தேன். வானொலி வாய் மூடியது. அழைப்பு மணியின்மேல் பஞ்சை ஒட்டினேன். அடைக்கலமேரியும் வாசலிலேயே கொலுசைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் வந்து, கட்டிலடியில் தட்டை நகர்த்துவார்.

"துன்னுடா ராஜா… சங்கரா மீன்டா…"

ராஜா துன்னவில்லை. சுவரோடு ஒட்டி, இரண்டு கண்களாக மட்டும் இருந்தது. மீனை எறும்புகள் தின்றன. தொலைபேசியில் மருத்துவரைக் கேட்டேன். பட்டினி நீண்டால் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும். மறுநாளும் உண்ணாவிட்டால் தூக்கி வாருங்கள் என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

அடைக்கலமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாவடிச்சிடாதன்னு சொன்னேனே, டீச்சரு" என்றார். கதையைக் குறித்துச் சொன்னாரா, பூனையைக் குறித்தா என நான் கேட்கவில்லை.

4

(இங்கே ஒரு புதிய பாத்திரம் நுழைகிறார். இவ்வளவு தாமதமாக நுழைப்பது கதைக்கலைக்கு ஒவ்வாது. அவரிடம் சொல்லிப் பாருங்கள்.)

பதுருன்னிசா, கடைசி வீட்டுக்காரர். அடைக்கலமேரி என் வீட்டில் இருப்பதறிந்து நேரே கூடத்துக்குள் வந்தார்.

"ஏம்மா மேரி, நேத்து குடுத்தியே வஞ்சிரம், அது கடல்ல புடிச்சதா, கல்லறையில தோண்டுனதா?"

"மெதுவா பேசு பதுரு, பூனை கீது."

"அதான் பூனைக்கு நல்ல மீனு, எனக்கு நாறுன மீனா? செவுளு வெளுத்துக் கெடந்துச்சு!"

அதுவரை கிசுகிசுத்திருந்த அடைக்கலமேரியின் பொறுமை அவ்விடத்தில் அறுந்தது.

"என் மீனா நாறுச்சு? செவுளு வெளுக்கலடி, உன் கண்ணுல பூ உழுந்துகீது! போய் டாக்டராண்ட காட்டு!"

"நீ போய் உன் தராச காட்டு!"

"அமைதி! அமைதி!" என்று அவ்விருவரினும் உரக்க நான் கத்தினேன்.

பூனை வெளியே வந்தது.

மாவுக்கட்டைத் தரையில் இழுத்தபடி, அவசரமாக வந்தது. எங்கள் மூவரின் நடுவே அமர்ந்து, எங்கள் கைகளை அண்ணாந்து பார்த்தது. நாங்கள் வாயடைத்து நின்றோம். உடனே திரும்பிக் கட்டிலடிக்குப் போய்விட்டது.

"நிறுத்தாத பதுரு! திட்டு! என்னைய திட்டு!"

"இன்னாத்த திட்றது? எல்லாம் சொல்லிட்டேனே!"

"என் மாமியார திட்டு! நானும் கூட சேந்துக்கறேன்!"

அந்த அம்மையார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கர்த்தர் அவருக்கு இளைப்பாற்றி அருள்வாராக. அவருடைய கஞ்சத்தனம் கூடமெங்கும் எதிரொலித்த அந்தப் பொழுதில், பூனை மீண்டும் வந்து சங்கரா மீனைத் தலையோடு தின்றது.*

* ஏலக்கூடத்தில் கூச்சல் எழும்போதுதான் மீன் தரையில் கொட்டப்படும். சிதறிய பொடிமீன்கள் பூனைகளுக்கு. அங்கே அமைதி நிலவுவது மீன்பிடித் தடைக்காலத்தில். படகு போகாது, பூனைக்கும் பட்டினி. என் அமைதியை அது எவ்வாறு புரிந்துகொண்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தேன். இதைப் பின்னர்தான் ஊகித்தேன். அடைக்கலமேரிக்கும் அதுவரை தோன்றவில்லை.

5

அன்றுமுதல் என் கூடத்தில் மாலைதோறும் ஏலம் நடந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அம்புரோஸ் ஏலம் கூறுவார். தட்டில் ஒற்றைக் கானாங்கெளுத்தி.

"வா வா வா! நேத்து வரைக்கும் நீந்திகினு இருந்த மீனு! யாரு கேக்கறது?"

"எங்க வூட்டுக்காரரு ஆட்டோ!" என்பார் பதுருன்னிசா.

"என் மாமியாரு பொட்டி! சாவியோட!"

"ராயபுரம் ரயில் நிலையம்" என்றேன் நான். சிறிது நாணமாகத்தான் இருந்தது.

"டீச்சரு ஸ்டேஷனையே வெச்சிட்டாங்கோ! ஒரு தரம்… ரெண்டு தரம்…"

மூன்றாம் தரத்துக்குள் மீன் மறைந்திருக்கும்.

இங்கேயே கதையை முடிக்கலாமே என்பீர்கள். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால் எந்த வீட்டில் எந்நேரமும் ஏலம் நடக்கும்? கூச்சல் ஓய்ந்தால் பூனை கட்டிலடியில்தான். நாளும் ஏலம் போட்டு வளர்க்கும் பூனையை வீட்டில் வாழப் பழகியது என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. சோதனையும் வந்தது. வேளாங்கண்ணித் திருவிழா. வரிசையே புறப்பட்டது, அடைக்கலமேரியும் அம்புரோஸும் காவியுடுத்தி நடந்தே போனார்கள். பதுருன்னிசா புழலிலுள்ள மகள் வீட்டுக்குப் போனார்.

"நீ தனியா கத்துவியா, டீச்சரு?" என்று கேட்டுவிட்டுப் போனார் அடைக்கலமேரி.

கத்தினேன். "இம்மீனை வாங்க விழைவோர் தத்தம் கேள்வியைத் தெரிவிக்கலாம்!" பூனையின் வால்கூட அசையவில்லை. நேற்றும் உண்ணவில்லை, இன்று காலையும். மீன் தட்டைத் திரும்பச் சமையலறையிலேயே வைத்துவிட்டேன்.

6

எனவே இப்பிற்பகலில் முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முதல் முடிவு: பூனை இறக்— (வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

இரண்டாம் முடிவு அடைக்கலமேரி சொல்லிவிட்டுப் போனது: பூனை கொழுத்து, நாலு குட்டி போடும். அது கடுவன் என்றேன். "கதைதானே, போடட்டும்!"

மூன்றாம் முடிவு: "அவள் கதவைத் திறந்து வைத்தாள். உள்ளே பட்டினி கிடப்பதைவிடத் தெருவில் ஒரு நாள் வாழ்வதே அதற்கு…"

இவ்வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தபோது சமையலறையில் தட்டு நகரும் ஓசை கேட்டது. நான் திரும்பவில்லை. மின்விசிறிகூட ஓடவில்லை, மின்சாரம் போய் நெடுநேரமாயிற்று. முள் நொறுங்கும் ஓசை. பிறகு தண்ணீர் நக்கும் ஓசை. பிறகு மாவுக்கட்டு தரையில் உரசி உரசி என்னை நோக்கி வரும் ஓசை.

நான் தரையில் பாய் விரித்து அமர்ந்து எழுதுவது வழக்கம். அது தாளை முகர்ந்தது. பேனாவை முகர்ந்தது. பின்னர் மூன்றாம் முடிவின்மேல் ஏறி, ஒருமுறை சுற்றி, படுத்துக்கொண்டது. கட்டுப்போட்ட கால் என் மணிக்கட்டின்மேல் கிடக்கிறது. முதன்முறையாக என்னைத் தொட்டிருக்கிறது.

இதை இடக்கையால், தாளின் ஓரத்தில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்தருள்க. மூன்றாம் முடிவை அடிக்க வேண்டும். அது பூனையின் வயிற்றுக்கடியில் இருக்கிறது. வேறு முடிவு எழுதவும் இடமில்லை. வாசகரே, வாலுக்கு இப்பால் இரண்டு வரி அளவு வெற்றிடம் தெரிகிறது. உங்களுக்குத் தோன்றுவதை அங்கே எழுதிக்கொள்ளுங்கள். உரக்கப் படித்துக்கொண்டே எழுதினாலும் தடையில்லை; அது அஞ்சாது.

தாளை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.