செம்புக் கம்பியில் அம்மா

ரெண்டு வருஷம் என்று சொல்லித்தான் அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். படுத்த படுக்கையான ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. அப்போது ஒரே மகளான நான் பத்தாவது முடித்திருந்தேன். ரெண்டு நாலானது. நாலாம் வருஷம் அப்பா கம்பியை முறுக்க ஆரம்பித்தார்.

அப்பாவுக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கருகிய மோட்டார்களிலிருந்து உருவிய செம்புக் கம்பி கடை மூலையில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். வழக்கமாகப் பழைய இரும்புக்காரர் வந்து அள்ளிப்போவார். அந்த வருஷம் அவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார் அப்பா. உடைந்த மேசை விசிறியின் கூண்டை வளைத்துத் தோள். சீலிங் ஃபேன் குழாயில் முதுகெலும்பு. அதன்மேல் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கை, கால், மடி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்தி உருவானாள். மோட்டாரைக் கொடுத்தால் மூக்கு செய்கிறார் என்று பக்கத்துத் தேய்ப்புக் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உண்மையில் மூக்குதான் வரவில்லை. கழுத்துவரை மளமளவென்று ஏறிய வேலை முகத்தில் வந்து நின்றுபோனது. வீட்டிலிருந்த படங்களில் எல்லாம் அம்மா நேராகப் பார்க்கிறாள். பக்கவாட்டில் எப்படி இருப்பாள் என்று அப்பா என்னிடம் கேட்டார். கூடக் குடித்தனம் நடத்தியவருக்கே நினைவில்லை என்றால் நான் எந்த மூலைக்கு?

ஞாயிறு மத்தியானம் வீடியோவில் வந்த அம்மாவைக் கொஞ்சம் திரும்பச் சொன்னார். எதற்கென்று கேட்டதற்குச் சும்மா என்றார். அவள் சிரித்துக்கொண்டே திரும்பியபோது தலையில் கட்டியிருந்த துணி நழுவியது. காதுக்கு மேலே முழுக்க நரை. இத்தனை நாளும் துணியை அவிழ்க்காமலே ஏன் பேசினாள் என்று அப்போதுதான் புரிந்தது.  அப்பா அப்படியே இருக்கச் சொல்லி, பில் புத்தகத்தின் அட்டையில் வரைந்துகொண்டார்.

மறுநாள், தலைமுடிக்கென்று சுற்றியிருந்த கருகிய கம்பியைக் காதோரம் மட்டும் பிரித்தார். ஒரு மலிவு மோட்டாரிலிருந்து அலுமினியக் கம்பி எடுத்து, அந்த இடத்தில் இழை இழையாக முடைந்தார். மூன்றே நாளில் முகம் வந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து அடுத்த ஞாயிறு அம்மாவுக்குக் காட்டினோம். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், சரி என்று சொல்லிவிட்டேன் என்றாள். அப்பா தலையாட்டினார்.

"இவள எங்க உக்கார வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"ஜன்னல் பக்கத்துல. தெருவப் பாத்து."

"வேணாங்க. உள்ள பாத்துத் திருப்பி வைங்க. வெளிய பாத்தா இவளும் கெளம்புற மாதிரி இருக்கு."

நானும் அப்பாவும் நாற்காலியோடு தூக்கித் திருப்பி வைத்தோம். நல்ல கனம்.

அப்பா கடைக்குப் போன பிறகு அந்த மடியில் தலைவைத்துப் பார்த்தேன். கன்னத்தில் கம்பி குத்தியது. இருந்தாலும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.