லோவீனா கூப்பிட்ட காற்று

இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்தில் காற்று கொஞ்சம் பலம்தான். கடற்பறவைகளே பாதி நாள் நடந்துதான் வேலைக்குப் போகும். அப்படியிருந்தும் லோவீனா அந்த மே முதல் தேதிக் கல்யாணத்தைப் பாறைமேட்டு உச்சியில் வைத்தாள். பழைய தெய்வங்களைக் கும்பிடும் அந்த வட்டாரத்துக் கூட்டத்துக்கு அவள்தான் பூசாரி.

மணமக்களின் மணிக்கட்டுகளைச் சேர்த்து வைத்து உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கயிறு போட வேண்டும். போடுகிறவர் அதன் அர்த்தத்தை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். மணப்பெண்ணின் சித்தி சிவப்புக் கயிறு போட்டு, "காதல்" என்றாள். மாப்பிள்ளையின் அண்ணன் நீலம் போட்டு, "சொன்ன சொல்" என்றான். மணப்பெண் கெரென்சாவின் கண் மட்டும் கூட்டம் நின்ற வட்டத்துக்கு வெளியே போய்ப் போய் வந்தது. அங்கே அவள் அப்பா பெட்ராக், படகிலிருந்து நேராக வந்த ரப்பர் பூட்சோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கயிறு விழாமல் இந்தக் கல்யாணம் முடியாது என்று லோவீனா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"உள்ள வாயேன் பெட்ராக். வட்டம் ஒண்ணும் கடிக்காது" என்றாள் லோவீனா.

"இங்கிருந்தே நல்லாத் தெரியுது, உங்க பொம்மைக் கல்யாணம்."

"ஒரே பொண்ணு. ஒரு கயிறு போட மாட்டியா?"

"அது கயிறா? ரிப்பன். ஒரு அயிலை மீனைக் கட்டினாக்கூட நிக்காது. சர்ச்சுல வெச்சிருந்தா முதல் ஆளா வந்திருப்பேன்."

"நீ சர்ச்சுக்குக் கடைசியா போனது உனக்குப் பேர் வைக்கிறப்போ."

"அன்னிக்கும் அழுதேனாம்."

'பொம்மைக் கல்யாணம்' என்றது லோவீனாவுக்குச் சுருக்கென்றது. முடிச்சைப் போட்டாள். அடுத்து நான்கு திசைகளையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும். கிழக்கு காற்றுக்குரியது. அதை மரியாதையாக ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அவளோ தன் பூசாரிக் கோலைத் தூக்கி மூன்று தடவை கூப்பிட்டாள். பெட்ராக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வந்துதான் காட்டேன்!" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

காற்று வந்தது.

முதலில் தொப்பிகள் போயின. பிறகு கேக் போயிற்று. அதன் பின் கெரென்சாவின் பாவாடை பாய்மரம் போல உப்பி, அவள் நிதானமாக மேலே கிளம்பினாள். மாப்பிள்ளை ஜோவன் ரொட்டிக் கடைக்காரன், கனத்த ஆள். ஆகையால் சற்றுத் தாமதமாகக் கிளம்பினான். சர்ச் கோபுர உயரத்தில் இருவரும் நின்றார்கள். ரிப்பன்களில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"பாவம், சாப்பிடாமக் கூடப் போகுதுங்க" என்றாள் சித்தி.

பெட்ராக் பக்கத்தில் நின்ற தன் வண்டியிலிருந்து நங்கூரக் கயிற்றை உருவிக்கொண்டு வட்டத்துக்குள் பாய்ந்தார். வீசினார். ஜோவன் சும்மா இருந்த கையால் அதைப் பிடித்து, கட்டிய மணிக்கட்டுகளின் மேல் சுற்றினான். பெட்ராக் குதிகாலை ஊன்றி இழுத்தார். குதிகால் தோண்டிய அந்தப் பள்ளத்தில்தான் இப்போது ஆடுகள் தண்ணீர் குடிக்கின்றன.

"நிறுத்து!" என்று கத்தினாள் லோவீனா. "உன் கயிறு விழுந்தாச்சு. அர்த்தம் சொல்லு!"

"பொண்ணு ஆகாயத்துல தொங்குறா. உனக்கு அர்த்தமா கேக்குது?"

"அப்பா!" என்று மேலிருந்து குரல் வந்தது. "நாங்க நல்லாத்தான் இருக்கோம்! சொல்லிட்டே இழுங்க!"

பெட்ராக் அண்ணாந்து பார்த்தார். அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருந்தன. பிறகு புயலில் படகுக்குப் படகு கூவுகிற குரலில் கத்தினார்:

"எங்க வேணா போங்க! எம்புட்டுத் தூரம் வேணா போங்க! கரைக்கு வந்து சேரணும்! அதான் அர்த்தம்!"

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட சாட்சி போலக் காற்று எழுந்து போய்விட்டது. இருவரும் பொத்தென்று பெட்ராக்கின் மேல் விழுந்தார்கள். மேடே அதிரும்படி கூட்டம் ஆர்ப்பரித்தது. முரசுகள் முழங்கின.

"மிச்ச மூணு திசையையும் கூப்பிடணுமா?" என்று கேட்டான் ஜோவன், தலையில் புல்லோடு.

"இன்னிக்கு இது போதும்ப்பா" என்றாள் லோவீனா.

பெட்ராக் எழுந்து, தன் கயிற்றில் தன் கையாலேயே இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். "இதை எவன் அவிழ்க்கிறான்னு பாக்குறேன்!"

அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் வட்டத்தைச் சுற்றி வந்தது. கோலை உயர்த்தி முன்னால் நடந்தாள் லோவீனா. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவள் நடக்கிற நடை அது, ராணிகளுக்குக்கூட வராது.