எட்டு முப்பத்தேழுக்கு ஒரு துள்ளல்

எங்கள் கம்பெனியில் எது கெட்டாலும் நான் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வெளியிலிருந்து வருகிற கரண்ட் சரியில்லை. ஒரகடத்தில் கார் கதவுக் கைப்பிடி செய்கிற இந்தத் தொழிற்சாலைக்குப் பதினாலு வருஷமாக நான்தான் எலெக்ட்ரீஷியன். முனிரத்தினம் சொன்னால் அதற்கு மறுபேச்சுக் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாண்டிச்செல்வியின் மோல்டிங் மெஷினில் ஒரே மாதத்தில் மூன்று கண்ட்ரோல் கார்டு கருகியது. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டில் நாலு பேரோடு வாடகை அறையில் இருக்கிறாள். சேர்ந்து ஐந்து மாதம். ஆறு மாதம் ஒழுங்காக முடித்தால்தான் வேலை நிரந்தரம். சூப்பர்வைசர் டில்லிபாபுவோ ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் முடிவுக்கு வந்து மேனேஜரிடம் சொன்னான்.

“அவ கைராசி அப்டி சார். இவ வர்றதுக்கு முன்னாடி இந்த மெஷின் தும்மினதுகூட இல்ல. மெமோ குடுத்து அனுப்பிடலாம்.”

“நா பச்ச பட்டன அமுக்குனேன். வேற ஒண்ணும் செய்யலயே” என்று அவள் அழுதாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னா பேசற நீ? கைராசில கார்டு எரியும்னா நான் எதுக்கு டெஸ்டர வச்சிகினு சுத்தறேன்? லைன்ல வோல்ட்டேஜ் எகிறுது. ரெக்கார்டர் வைங்க சார், வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும்.”

மேனேஜர் இராமச்சந்திரன் சம்மதித்தார். தண்டலத்திலிருந்து ஷெர்லின் என்ற இன்ஜினியர் அம்மா டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மெயின் லைனில் மாட்டினார். கண் இமைப்பதற்குள் எகிறி இறங்கிவிடும் வோல்ட்டேஜைக்கூட அது மணி நிமிஷத்தோடு பதிந்து வைக்குமாம். ஒரு வாரம் கேன்டீனில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாப்பிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை எல்லோரும் மேனேஜர் அறையில் கூடினோம். ஷெர்லின் காகிதத்தை விரித்தார். ஆறு துள்ளல். திங்கள் முதல் சனி வரை, தினமும் காலை எட்டு முப்பத்தேழு. ஞாயிறன்று ஒன்றுமில்லை.

டில்லிபாபு மேஜையைத் தட்டினான். “அந்த நேரத்துக்குத்தான் சார் இவ மெஷின ஆன் பண்றா! ஞாயித்துக்கெழம இவ லீவு, அதுவும் லீவு. பெட்டியே சாட்சி சொல்லிடுச்சு!”

மேனேஜர் தயாராக வைத்திருந்த மெமோவை எடுத்தார்.

“பட்டன் அமுக்கினா இப்படி வராது சார்” என்றார் ஷெர்லின். “வெளிலேர்ந்தும் வரல. உள்ளதான். கரண்ட தேக்கி வைக்கிற பெரிய கெப்பாசிட்டர ஆஃப் பண்ணி, அது வடியறதுக்குள்ள உடனே ஆன் பண்ணா இந்த மாதிரி எகிறும். யாராவது அப்படிப் பண்றீங்களா?”

என் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். காலை எட்டரைக்குப் பேனல் ரூமுக்குள் போனதும் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுவேன். ஒன்றரை மாதத்துக்கு முன், கெப்பாசிட்டரைத் தானாகப் போட்டு அணைக்கிற ஆட்டோமேட்டிக் பெட்டி கெட்டு, அதைக் கையால் இயக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கும்பிட்டு முடித்ததும் அந்த ஸ்விட்சை ஒரு தடவை அணைத்து, சட்டென்று போடுவேன். கடைக்காரனுக்குப் போணி மாதிரி எனக்கு அது. அணைத்தபின் ஒரு நிமிஷம் பொறுக்கவும் என்று ஸ்விட்ச் மேலேயே எழுதியிருக்கிறது. அந்த எழுத்தின் மேல்தான் நான் குங்குமம் வைக்கிறேன். பேனல் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் முதல் மெஷின் பாண்டிச்செல்வியுடையது.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பேனல் ரூமுக்குள் என்னைத் தவிர வேறு யாரும் போவதில்லை. நாளையிலிருந்து போணியை நிறுத்திவிட்டால் துள்ளலும் நின்றுபோகும். அவள் போனதால்தான் நின்றது என்று டில்லிபாபு ஊரெல்லாம் சொல்வான். என் பதினாலு வருஷத்து மரியாதை அப்படியே இருக்கும்.

பாண்டிச்செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகப் பேசியவன் நான் ஒருவன்தானே. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

“நான்தான் சார்” என்றேன்.

“இன்னா நீதான்?” என்றான் டில்லிபாபு.

“எகிறினதே நான்தான்யா. அவ கை இல்ல, என் கை.”

எல்லாவற்றையும் சொன்னேன், குங்குமம் உட்பட. ஷெர்லின் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. மெமோவில் பாண்டிச்செல்வி என்ற பெயரை அடித்துவிட்டு முனிரத்தினம் என்று எழுதி என் பக்கம் நகர்த்தினார்.

கையெழுத்துப் போடச் சட்டைப் பையைத் தடவினேன். டெஸ்டர் இருந்தது, இன்சுலேஷன் டேப் இருந்தது, பேனா இல்லை. நான் கேட்பதற்கு முன்பே பாண்டிச்செல்வி தன் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினாள்.