மொட்டை மாடிப் பூட்டு

லேப்டாப் திரையில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இரண்டும் நடுக்கோட்டை ஒட்டி மெல்ல நெளிந்துகொண்டிருந்தபோது சிவப்பு திடீரென்று துள்ளியது. ஞானசீலன் நிமிர்ந்து பார்த்தார். மாடியின் மறுகோடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு சைனப் வந்துகொண்டிருந்தாள். அவள் கைத்தடியைத் தளத்தில் ஊன்றினாள். கோடு துள்ளியது. மறுபடி ஊன்றினாள். மறுபடி துள்ளியது.

"இதுதானா சங்கதி!" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பல வாரங்களாகப் பிடிபடாத திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது அவருக்கு.

ஞானசீலன் டிராம்பே பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கருவிகளைச் சரிபார்க்கிறவர். எந்த மீட்டர் பொய் சொல்கிறது, எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதான் இருபத்தைந்து வருட உத்தியோகம். செம்பூரில் தன் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து வானத்தைப் படம் பிடிக்கும் கிறுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்புதான் பிடித்தது. மும்பை வானத்தில் வெறுங்கண்ணுக்கு விரல்விட்டு எண்ணும்படிதான் நட்சத்திரங்கள். ஆனால் நல்ல ஃபில்டரைப் போட்டு ஐந்து நிமிடம் கேமராவைத் திறந்து வைத்தால், அந்தப் புழுதி வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கும் நெபுலா என்கிற வாயு மேகங்கள் சிவந்த புகைபோல வந்து விழும். அந்த ஐந்து நிமிடமும் பூமி சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதுதான் சிக்கல். தொலைநோக்கியைத் தாங்கும் மோட்டார், நட்சத்திரத்தின் கூடவே நகர வேண்டும். மோட்டாருக்கு அவ்வளவு துல்லியம் போதாது. அதற்காகப் பெரிய தொலைநோக்கியின் முதுகில் சின்னதாக இன்னொன்றைக் கட்டி, அதில் ஒரு கேமராவை மாட்டி, ஒரே ஒரு நட்சத்திரத்தைக் காவல் காக்க வைப்பார்கள். நட்சத்திரம் இம்மி விலகினாலும் அது மோட்டாருக்குச் சொல்லி இழுத்துச் சரிசெய்யும். ஆட்டோகைடிங் என்று பெயர். விலகலைத்தான் அந்த இரண்டு கோடுகள் காட்டும்.

தீபாவளிக்குப் பிறகு அவர் எடுத்த படங்களில் ஒரு நட்சத்திரம்கூட உருண்டையாக இல்லை. எல்லாம் ஒரே பக்கமாக நீண்டு கிடந்தன. வானம் பார்ப்பவர்களின் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைப் போட்டபோது, மாட்டுங்காவில் இருக்கும் ஷ்ருதி என்ற பெண், "அங்கிள், யே தோ ஜீரா ரைஸ் ஹை!" என்று, ஜீரகச் சோறு மாதிரி இருப்பதாக எழுதினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு, அன்று மனைவி ரோஸியிடம் சாப்பாட்டில் உப்பில்லை என்று எரிந்து விழுந்தார். அடுத்த மாதம் சயானில் சங்கத்தின் கண்காட்சி. ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கும் குதிரைத் தலை நெபுலாவின் படத்தைத் தருவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். முக்காலியை மட்டம் பார்த்தார். எடைக்கற்களை நகர்த்தி நகர்த்திச் சமன் செய்தார். தொங்கிய வயர்களை எல்லாம் கட்டினார். மென்பொருளில் இருந்த எண்களைக் கூட்டினார், குறைத்தார். ஜீரகம் ஜீரகமாகவே இருந்தது.

இப்போது காரணம் கண்ணெதிரே தடியூன்றி நடந்துகொண்டிருந்தது.

சைனப் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். அவள் கணவன் ஜமாலுக்குத் தாராவியில் பை தைக்கும் பட்டறை. சொந்த ஊர் மேலப்பாளையம். போன மழைக்காலத்தில் ஸ்டேஷன் பாலத்தின் படிகளில் வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கி, உள்ளே கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். தினமும் நடக்க வேண்டும், காலை மடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீழே காம்பவுண்டில் பைக்குகளும் நாய்களும் நிறைந்திருந்ததால் அந்தி மயங்கியதும் மாடிக்கு வருவாள். தொலைநோக்கியைக் கடக்கும்போது ஒதுங்கி நின்று, "அண்ணே, ஒங்க குதிர இன்னைக்காவது வந்துச்சா?" என்று கேட்பாள். அன்றும் கேட்டாள்.

"எங்க வருது," என்றார் ஞானசீலன், திரையைப் பார்த்தபடியே.

ஒரு வார்த்தை அவளிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் கால் முடியாதவளைப் பார்த்து, என் படத்துக்காக நடக்காதே என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்கிறவனாகத் தன்னை நினைத்துப் பார்க்கவே அவருக்குக் கூசியது. அதனால் மறுநாள் குடியிருப்போர் சொசைட்டி செக்ரட்டரி வெங்கடராமன் வீட்டுக்குப் போனார். படியேறும்போதே வாக்கியம் தானாக அமைந்துவிட்டது. அதில் அவருடைய படம் இல்லை.

"பாவம் சார், அந்தம்மாவுக்குக் காலு சரியில்ல. இருட்டுல வயர்ல தட்டி விழுந்துட்டா யாரு பொறுப்பு?"

வயர்கள் அவருடையவை. வெங்கடராமனுக்கு அது தோன்றவில்லை. "வாஸ்தவம்தான். விழுந்து வச்சான்னா போலீஸ், இன்சூரன்ஸ்னு யார் அலையறது? பூட்டிடலாம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், நீங்க டெக்னிக்கல் மனுஷர்," என்றார். பாதுகாப்பு கருதி மாலை ஆறு மணிக்கு மேல் மாடிக்கு யாரும் போகக் கூடாது என்று லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

பூட்டுப் போட்ட முதல் மாலை, கோடுகள் இரண்டும் தூங்குகிற பிள்ளையின் மூச்சுபோல ஓடின. ஒரு துள்ளல் இல்லை. ஞானசீலன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். முதல் படம் இறங்கியதும் பெரிதாக்கிப் பார்த்தார். ஜீரகம். அடுத்ததும் ஜீரகம். அதே பக்கம், அதே நீளம்.

தடி ஊன்றியபோது கோடு துள்ளியது உண்மைதான். ஆனால் துள்ளிய மறுகணமே அது திரும்பிவிடும். அந்தக் கண நேர அதிர்வால் ஒரு நட்சத்திரம் இவ்வளவு நீளமாக இழுபடாது. இது ஐந்து நிமிடமும் மெல்ல மெல்ல நகர்கிற ஏதோ ஒன்றின் வேலை. இதைக் கருவி வேலை தெரிந்த யாரும் முதல் நாளே யோசித்திருப்பார்கள். யோசிக்காமலிருக்கத்தான் அவருக்குச் சைனபின் தடி தேவைப்பட்டிருக்கிறது. அன்றே சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கண்காட்சி முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியபோது வாசலில் ஜமால் நின்றிருந்தான். கையில் பெரிய கறுப்புக் கான்வாஸ் பை. உள்ளே தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, மோட்டாருக்கு ஒரு அறை, எடைக்கற்களுக்கு ஒரு அறை, வயர்களுக்கு மூடியோடு ஒரு அறை என்று தைத்திருந்தான். ஓரங்களில் இரட்டைத் தையல்.

"செக்ரட்டரி சொன்னாரு அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரி விழுந்திரக் கூடாதேன்னு நீங்கதான் மெனக்கெட்டுப் போய்ச் சொன்னீங்களாமே. கூடப்பொறந்தவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான். ரோஸி மைனிகிட்ட அளவு கேட்டுக்கிட்டேன். சரியா இருக்கான்னு பாருங்க."

"எதுக்கு இதெல்லாம்," என்றார் ஞானசீலன். பையை வாங்கியதும் கண்களைத் தையலிலேயே வைத்துக்கொண்டார். ஜமால் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனான். ரோஸி பையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "கடையில வாங்குனா இப்படிக் கெடைக்குமா? நீங்க ஒரு நல்லது செஞ்சா நமக்கு எப்படித் திரும்பி வருது பாத்தீங்களா?" என்றாள். அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

வெட்கம் பொறுக்க முடியாமல்தான் ஷ்ருதிக்குப் போன் செய்தார். கோடு, படம் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அங்கிள், கிராஃப் இவ்ளோ க்ளீனா இருந்தும் ஸ்டார் இழுக்குதுன்னா, கைடு ஸ்கோப், அந்தச் சின்னது, தனியா நகர்றது. அது பாக்கற ஸ்டாரை அது கரெக்டாதான் பிடிச்சிண்டிருக்கு. பெரிய டெலஸ்கோப் வேற எங்கயோ போறது. ஹாத் லகாகே தேக்கோ நா, தொட்டுப் பாருங்கோ, ஏதாவது லூஸா இருக்கும்."

மாலையில் மாடியில் நின்று சின்னத் தொலைநோக்கியைக் கட்டை விரலால் அழுத்தினார். சதைபோல அமுங்கிக் கொடுத்தது. திருகாணிகள் இறுக்கமாகத்தான் இருந்தன. அதைப் பிடித்திருந்த வளையத்துக்கு அடியில், அவர் கையாலேயே வைத்த ரப்பர். தீபாவளி விடுமுறையில் புது வளையங்களை மாட்டியபோது, வெள்ளைப் பெயின்ட் கீறிவிடக் கூடாதென்று பழைய ஸ்கூட்டர் டியூபை வெட்டி அழகாக அடியில் கொடுத்திருந்தார். அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டுப் பாராட்டும் வாங்கியிருந்தார். ஓரியன் மேலேறி, தொலைநோக்கி சாயச் சாய, அந்த ரப்பர் எடையில் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தொழிற்சாலையில் புதிதாக வருகிற பையன்களிடம் அவர் முதலில் சொல்வதே, மீட்டருக்கு அடியில் மெத்தென்று எதையும் கொடுக்காதே என்பதுதான்.

ரப்பரை உருவிப் போட்டுவிட்டு வளையத்தை உலோகத்தோடு உலோகமாக இறுக்கினார். அன்று எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் ஊசி முனைகளாக நின்றன. சிவந்த புகைக்கு நடுவே குதிரையின் தலை கறுப்பாக, பிடரியோடு நிமிர்ந்திருந்தது. குழுவில் போட்டார். இதயங்களும் கைதட்டல்களும் வந்து குவிந்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திறந்து கிடந்த மாடிக் கதவைப் பார்த்தார். இந்தக் கட்டடத்தில் யாரிடமும் காட்ட முடியாத படம் அது.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த ரோஸி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "சைனபுக்கு முட்டி இறுகிப்போச்சாம். மயக்கம் குடுத்து அமுக்கி மடக்கணுமாம். பகல்ல தளம் கொதிக்குது, ஆறு மணிக்கு மேல பூட்டு. நடக்காம உக்காந்தே இருந்தா வேறென்ன ஆகும்?"

"வீட்டுக்குள்ள நடக்கலாம்லா?"

"வீட்டுக்குள்ளயா? ஜமால் பட்டறைச் சரக்கு பாதி அங்கதான கெடக்கு? கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல எங்க நடக்க?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன செய்வீங்க, நல்லதுக்குத்தான சொன்னீங்க," என்றாள்.

அந்த வார்த்தையோடு அவரால் அங்கே உட்கார முடியவில்லை. கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினார். ஜமால் கதவைத் திறந்தான். சைனப் கட்டிலில், காலை நீட்டித் தலையணை மேல் வைத்திருந்தாள். அவரைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்து, "வாங்கண்ணே," என்றாள்.

அவர் உட்காரவில்லை. "நீங்க விழுந்திருவீங்கன்னு நான் பயப்படலம்மா. நீங்க தடிய ஊனும்போது என் படம் கெடுதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் பூட்டச் சொன்னேன். செக்ரட்டரிகிட்ட வேற மாதிரிச் சொன்னேன்." நிறுத்திவிட்டு மிச்சத்தையும் சொன்னார். "கடைசில பாத்தா அதுவும் இல்ல. நான் வச்ச ஒரு ரப்பர் துண்டு. ஒங்களால ஒண்ணுமே கெடல."

ஜமால் மனைவியைப் பார்த்தான். சைனப் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டயே சொல்லிருக்கலாமேண்ணே," என்றாள் கடைசியில். "நீங்க படம் எடுக்குற வரைக்கும் ஒரு ஓரமா உக்காந்திருப்பேனே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவர் பையைக் கட்டில் ஓரமாக வைத்தார். ஜமால் அதைத் தூக்கி மறுபடி அவர் கையிலேயே கொடுத்தான். "ஒங்க சாமானுக்கு அளவெடுத்துத் தச்சது. வேற யாருக்கு ஆவும்? எடுத்துட்டுப் போங்க," என்றான். 'அண்ணாச்சி' என்று அவன் சொல்லவில்லை என்பது படியேறும்போதுதான் அவருக்கு உறைத்தது.

பூட்டை எடுப்பது போட்ட அளவுக்கு எளிதாக இல்லை. "இப்பதான் பசங்க மாடியில சிகரெட் பிடிக்கிற தொல்லை நின்னுருக்கு," என்றார் வெங்கடராமன். "கமிட்டியில சொல்லுங்கோ." கமிட்டி கூட்டத்தில் ஞானசீலன் எழுந்து நின்று, தான் சொன்ன காரணம் பொய் என்றார். என்ன பொய், எதற்காக என்று கேட்டார்கள். நட்சத்திரம், கோடு, ரப்பர் என்று அவர் விளக்க விளக்க யாரோ பின்னால் சிரித்தார்கள். "ஏக் ஃபோட்டோ கே லியே?" ஒரே ஒரு படத்துக்காகவா என்று ஒருவர் கேட்டார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். ரோஸி இரண்டாவது வரிசையில் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் அவள் அங்கேதான் முதலில் கேட்டாள். கூட்டம் முடிந்ததும் அவருக்குக் காத்திராமல் படியேறிப் போனாள். பூட்டு மறுநாள் கழன்றது.

சைனபை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் முட்டியை மடக்கிவிட்டுக் கொண்டுவந்தார்கள். மாடியில் மறுபடி ஆள் நடமாட்டம் வந்தது. அந்தியிலும் துணி காயப் போட்டார்கள். ஞானசீலன் தொலைநோக்கியை வெளியே எடுக்கவில்லை. ஒருநாள் சும்மா காற்று வாங்க மேலே வந்தபோது, ஜமால் அவளைக் கைத்தாங்கலாகக் கதவு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு நின்றான். அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். சைனப் அவர் பக்கம் திரும்பவில்லை. குதிரையைப் பற்றிக் கேட்கவில்லை. தடியில்லாமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபக்கமாக நடக்கத் தொடங்கினாள். விலகி இறங்கிப் போய்விடலாமா, போனால் அவளைத் தவிர்ப்பதாக ஆகுமா என்று தெரியாமல் அவர் இருந்த இடத்திலேயே நின்றார்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் தீ உயர்ந்து எரிந்ததில் வானம் ஆரஞ்சாகிக் கிடந்தது. கொடியில் யாரோ ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பை உலர்த்தியிருந்தார்கள். சைனப் அதற்குப் பின்னால் போனதும் மறைந்துவிட்டாள். விரிப்பின் ஈரமான கீழ் ஓரத்துக்கு அடியில் அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு பாதம் முன்னே வந்து ஊன்றியது. மற்றது, கம்பி வைத்த காலுடையது, தளத்தை விட்டுக் கொஞ்சமாக எழும்பி, அந்தரத்தில் நின்றது.