நூற்றுப் பன்னிரண்டு முடிச்சுகள்

நீலமேகத்துக்கு நன்றாக எண்ணத் தெரியும். அந்தத் தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன். தஞ்சாவூரில் ஆய்வுக்கூட உதவியாளன். சொட்டு சொட்டாக மருந்தை அளந்து குடுவையில் விடுவான், கை இம்மியும் நடுங்காது. அப்பேர்ப்பட்டவன் ஒரு பூவரச மரத்தை எண்ணப் போய்க் கோட்டை விட்டான். சொல்லவே வாய் கூசுகிற கதை.

குடவாசலுக்குத் தெற்கே, வாய்க்கால் கரையோரம் அவர்கள் தெரு. தெருவில் எல்லோருமே மிராசுதார் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். அவனுடைய அக்கா ராமாயியும் நடவு, களை என்று வயலே கதியாகக் கிடப்பவள்தான். ஆனால் காமாலை என்று வந்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியச்சி. வரப்பில் முளைத்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் மையாக அரைத்து மோரில் கரைத்துக் கொடுப்பாள். ஏழு நாள், வெறும் வயிற்றில். எண்ணெய் ஆகாது, கறி மீன் ஆகாது, வெயிலில் தலைகாட்டக் கூடாது. கை நீட்டி ஒன்றும் வாங்க மாட்டாள். கண்ணில் மஞ்சள் போனதும், படுத்திருந்த துணியில் ஒரு கிழிசலைக் கொண்டுவந்து அவள் கொல்லைப் பூவரசில் முடிந்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். மிராசுதார் வீட்டுச் சரிகைத் துணிகூட அதில் தொங்கியது. வாசற்படி ஏறவிடாத மனுஷர்கள், ஆள் விட்டுக் கட்டச் சொன்னார்கள்!

அறுபத்தேழில் ஆட்சி மாறி ஐந்தாறு வருடம் ஆகியிருந்த சமயம். நீலமேகம் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் டாக்டர் அப்துல் மஜீது அதே கீழாநெல்லியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கு ஓடினான், மரத்தடியில் நின்றான், முடிச்சுகளை மூன்று தடவை எண்ணினான், வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வைத்தான்.

“நூத்திப் பன்னெண்டு பேர் சார். அத்தனை பேருக்கும் குணம்!”

டாக்டர் தாளைப் பார்த்தார். “முடிச்சு போட்டவங்க நூத்திப் பன்னெண்டு. மருந்து குடிச்சவங்க எத்தனை பேர்?”

நீலமேகம் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தான்.

“காமாலை முக்கால்வாசி தானாவே இறங்கிடும்பா. மருந்துல இறங்கிச்சா, தானா இறங்கிச்சான்னு முடிச்சு சொல்லுமா? பிழைக்காதவன் வந்து துணி கட்டுவானா? போய், கட்டாதவங்களை விசாரிச்சுட்டு வா.”

அவனுக்குச் சுருக்கென்றது. சீட்டு ஒட்டின பாட்டிலில் வந்திருந்தால் இப்படிக் கேட்பாரா? வாழ்நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டவள் அரைத்தது என்பதால்தானே இந்தக் குடைச்சல்?

“எங்க தெருச் சரக்குன்னா எல்லாருக்கும் இளப்பம்தான் சார்.”

டாக்டர் கோபப்படவில்லை. “இளப்பம்னா ரெண்டு வருஷமா இதோட மல்லுக்கட்டுவேனா? எலியோட ஈரல்ல வேலை செய்யுது, என் கண்ணால பார்த்தேன். மனுஷனுக்கு எவ்வளவு தூரம் கேக்கும், எதுக்கு மேல கேக்காதுன்னு தெரியணும்.”

அவன் விசாரிக்கப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் அதற்கு. வீம்பு, வேறென்ன?

அந்தக் குறுவை அறுப்பில் கூலித் தகராறு முற்றிவிட்டது. அரை மரக்கால் நெல் கூட்டிக் கொடு என்று தெருவே வேலைநிறுத்தம் செய்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்தில் கைகலப்பு, போலீஸ் கேஸ். முதல் பெயரே கண்ணுசாமி. நீலமேகத்தின் தங்கை அம்சத்தின் புருஷன், சங்கத்துக்காரன். பதினைந்து இருபது நாள் தோப்புகளில் பதுங்கி, கிடைத்த தண்ணீரைக் குடித்து, வீடு திரும்பும்போது கண் இரண்டும் மஞ்சள்.

ராமாயி மருந்து கொடுத்தாள். நான்கு நாள் ஒழுங்காகத்தான் இருந்தான். ஐந்தாம் நாள் காலையில் அம்சத்தைப் பார்த்து, செத்துப்போன தன் ஆத்தாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நீட்டிய கை வெடவெடத்தது. ராமாயி அரைத்த உருண்டையை அம்மியிலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

“இது என் கைக்கு அடங்காது. புத்தி தடுமாறிட்டா என்கிட்ட வச்சிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.”

சங்கத்துக்காரர்கள் எப்படியோ குடவாசலிலிருந்து ஒரு வாடகைக் காரைக் கொண்டுவந்து வாய்க்கால் பாலத்தில் நிறுத்தினார்கள். அம்சம் இரண்டு வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு புறப்பட்டாள். அப்போதுதான் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான் நீலமேகம். ஒரு பஸ் தவறியிருக்கக் கூடாதா!

“ஆஸ்பத்திரி வாசல்லயே போலீஸ் நிப்பான். மாப்பிள்ளைய விலங்கோடதான் படுக்க வைப்பான். எதுக்கு? இன்னும் மூணு வேளை மருந்துதானே பாக்கி!”

“நான் சொல்றேன்டா தம்பி, இதுக்கு மேல கேக்காதுடா,” என்றாள் ராமாயி.

“உன் மருந்தோட அருமை உனக்கே தெரியலக்கா. நூத்திப் பன்னெண்டு பேரு! எண்ணிப் பார்த்தவன் நான். படிச்சவன் சொல்றேன், பேசாம இரு.”

அம்சம் அக்காவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். படித்தவன் அண்ணன்தானே? பையைக் கீழே வைத்தாள். கார் வெறுமனே திரும்பிப் போனது.

மூன்றாம் நாள் உச்சிப் பொழுதில் கண்ணுசாமி போய்ச் சேர்ந்தான்.

காரியத்துக்கு நடுவே ஒரு நாள் தஞ்சாவூருக்கு ஓடி டாக்டரிடம் கேட்டான். “கொண்டாந்திருந்தா பிழைச்சிருப்பாரா சார்?” அவர் மழுப்பவில்லை. “சொல்ல முடியாதுப்பா. அந்தக் கட்டத்துல எங்க கையிலயும் பெரிசா ஒண்ணும் இல்ல. பிழைச்சிருக்கலாம், போயுமிருக்கலாம்.” ‘பிழைத்திருக்க மாட்டான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கொஞ்சமாவது தூங்கியிருப்பான்.

ஊர் திரும்பியதும் தாளை எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் உட்கார்ந்தான். துணி கட்டாதவர்களைத் தேடி எந்தெந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டான். ராமாயி எந்த ஊருக்கும் அனுப்பவில்லை. விரலை மடக்கி மடக்கி அவளே சொன்னாள். பத்தொன்பது பேர் தூரத்து ஊர்க்காரர்கள், குணமாகியும் வரவில்லை. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். பெயர், தெரு, எத்தனாவது நாள், கடைசியில் என்ன பிதற்றினார்கள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எழுதிக்கொண்டே வந்தவனின் பேனா நின்றது.

“இதெல்லாம் தெரிஞ்சுமா நீ சொல்லாம இருந்த?”

“நீ எங்கடா கேட்ட? வந்த, மரத்தை எண்ணின, போய்ட்ட. அந்த ஒம்பது பேருகிட்டதான்டா நான் கத்துக்கிட்டேன், புத்தி தடுமாறிட்டா வச்சிருக்கக் கூடாதுன்னு. அதைத்தான் அன்னைக்குச் சொன்னேன். பேசாம இருன்னுட்டே.”

தன் தெருவின் அறிவை டாக்டர் இளப்பமாக நினைக்கிறார் என்று அவரிடம் எகிறினானே, அந்த அறிவு அக்காவாக எதிரே நின்று பேசியபோது வாயை அடைத்தவன் யார்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்சம் கொல்லைப் பக்கம் வந்தாள். கையில் கண்ணுசாமியின் சிவப்புத் துண்டிலிருந்து கிழித்த ஒரு நாடா. பூவரசின் தாழ்ந்த கிளையில், கடைசித் துணிக்குப் பக்கத்தில் அதைக் கட்டி இறுக்கினாள்.

“எண்ணுண்ணே.”

“அம்சம்… வேண்டாம்மா.”

“எண்ணுறதுல நீ கெட்டிக்காரனாச்சே. இவரையும் சேர்த்து எண்ணு.”

அவள் குரல் உயரவில்லை. நகரவும் இல்லை. அடி மரத்திலிருந்து அவன் ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. வெளுத்த வேட்டிக் கிழிசல், சரிகை, சேலைத் தலைப்பு என்று கிளை கிளையாகப் போனான். நூற்றுப் பன்னிரண்டு வரை வந்தான். சிவப்புத் துணி கைக்கு எட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.

அம்சமே சொன்னாள்.

“நூத்திப் பதிமூணு.”